டூர் பேக்கேஜில் சொல்லாத சட்டம்: தன்பாலின ஈர்ப்பாளர் பயணிகளுக்கு சுற்றுலா நிறுவனங்களின் பொறுப்பு என்ன?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சுற்றுலா என்றதும் நினைவுக்கு வருவது இரண்டு இடங்கள். ஒன்று, அருவிகள் கொட்டும் கல்வராயன் மலை. இன்னொன்று, உளுந்தூர்பேட்டை அருகே உள்ள கூவாகம். சித்திரைத் திருவிழா வந்தாலே திருநங்கைகளால் விழுப்புரம் வரை லாட்ஜ்கள் நிரம்பிவிடும்.

அங்கே ஒரு திருநங்கையிடம் "உங்களுக்கு ரூம் கிடையாது"ன்னு சொன்னால், அது சட்டவிரோதம். அதையே தன்பாலின ஜோடியிடம் சொன்னால்?

உள்ளூரில் என்ன சட்டம்?

திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2019, தங்குமிடம், சேவைகளில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. தன்பாலின, இருபாலின ஈர்ப்பாளர்களுக்கு இப்படி ஒரு தனிச்சட்டம் இல்லை. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல எனத் தீர்ப்பளித்தது. அதனால் ஒன்றாகத் தங்குவது குற்றம் இல்லை. ஆனால் ரூம் மறுக்கப்பட்டால் நேரடியாகக் கைகாட்ட ஒரு சட்டப்பிரிவு இல்லை. இந்த இடைவெளியில்தான் நிறுவனங்களின் பொறுப்பு வருகிறது.

நிறுவனங்கள் ஏதாவது செய்திருக்கிறதா?

செய்திருக்கின்றன. லலித் ஹோட்டல் குழுமத்தின் கேசவ் சூரி, 2018-ல் 377-வது பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒருவர். ஏர்பிஎன்பி 2016 முதல், பாகுபாடு காட்ட மாட்டோம் என்ற உறுதியை வீட்டு உரிமையாளர்களிடம் கேட்டு வாங்குகிறது.

2019-ல் புருனே, தன்பாலின உறவுக்குக் கல்லெறிந்து கொல்லும் தண்டனையைக் கொண்டுவந்தது. எஸ்டிஏ டிராவல் நிறுவனம் ராயல் புருனே விமான டிக்கெட் விற்பனையை நிறுத்தியது. புருனே அரசுக்குச் சொந்தமான ஹோட்டல்களைப் புறக்கணிக்கவும் குரல் எழுந்தது. அடுத்த மாதமே, மரண தண்டனை நிறைவேற்றப்படாது என சுல்தான் அறிவித்தார். ஆனால் சட்டம் நீக்கப்படவில்லை.

நம்ம ஊர்க்காரர்கள் போகும் நாடுகளில்?

• இலங்கை: 365, 365ஏ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை
• மலேசியா: 20 ஆண்டு வரை சிறை, கசையடி
• மாலத்தீவு: சிறைத் தண்டனை உண்டு
• சிங்கப்பூர்: 377ஏ பிரிவை நீக்க 2022-ல் சட்டம் நிறைவேறியது
• தாய்லாந்து: 2025 ஜனவரி 23 முதல் தன்பாலினத் திருமணம் செல்லும்

அப்போ டூர் நிறுவனம் என்ன செய்யணும்?

விசா, தடுப்பூசி பற்றிச் சொல்வது போல, போகும் நாட்டின் சட்டத்தையும் புக்கிங்கிற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லலாம். "நீங்கள் அப்படியா?" என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. பயணியின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வழிகாட்டியிடமோ ஹோட்டலிடமோ பகிரக் கூடாது. சில நாடுகளில் அந்த ஒரு தகவலே ஆளைச் சிறைக்கு அனுப்பிவிடும்.

முழுப் புறக்கணிப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுற்றுலா நின்றால் அங்குள்ள ஹோட்டல் ஊழியர்களின் வருமானமும் போகும்; அவர்களிலும் தன்பாலின ஈர்ப்பாளர்கள் இருப்பார்கள். அதனால் முடிவெடுக்கும் முன் அந்த நாட்டு உரிமை அமைப்புகள் என்ன சொல்கின்றன என்று கேட்பதே நியாயம்.

கல்வராயன் மலையில் வீட்டு விடுதி நடத்துபவர் செய்ய வேண்டியது இன்னும் எளிது: வயது வந்த இருவர், செல்லுபடியாகும் அடையாள அட்டை. இது போதும், சாவியைக் கொடுக்கலாம்.