பார்க்கர் நியமனம் ஏன் நிராகரிக்கப்பட்டது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு ஸ்தானம் காலியாகும்போது அதற்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு உண்டென்றாலும், செனட் சபை வாக்களித்துச் சம்மதம் தெரிவித்தாலன்றி அவர் பதவி ஏற்க இயலாது; ஏற்றுவிட்டாலோ, நன்னடத்தை தவறாத வரையில் ஆயுள் முழுவதும் அதில் அமர்ந்திருக்கலாம். ஆகவே ஆட்சேபம் உள்ளவர்கள் அதைச் சொல்வதற்கு வாய்க்கும் காலம், வாக்கெடுப்புக்கு முன்னுள்ள சில வாரங்கள்தாம். அந்த வாரங்களைக் குடிமை உரிமைக்காகப் போராடியவர்கள் எவ்விதம் பயன்படுத்தினார்கள் என்பதற்கு 1930-ஆம் ஆண்டின் பார்க்கர் விவகாரம் நல்லதொரு திருஷ்டாந்தம்.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நீதிபதி சான்ஃபோர்டு காலமானதும், ஜனாதிபதி ஹூவர் அந்த ஸ்தானத்துக்கு வட கரோலினாவைச் சேர்ந்த ஜான் பார்க்கரின் பெயரை அனுப்பினார். பார்க்கர் அப்போதே மேல்முறையீட்டு நீதிமன்றமொன்றில் நீதிபதி. சட்ட ஞானம் மிக்கவர். ஆனால் பத்து வருஷங்களுக்கு முன், 1920-இல், தம் மாநிலத்தின் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டபோது, கறுப்பின மக்கள் அரசியலில் பங்கு கொள்வது இரு இனத்தாருக்குமே தீமையும் அபாயமும் ஆகும் என்று அவர் பேசியது பத்திரிகையில் வெளியாகியிருந்தது. அந்த மக்களின் வாக்குரிமையோ 1870-லேயே அரசியல் சாசனத்தின் 15-ஆவது திருத்தத்தில் எழுதப்பட்டுவிட்ட ஒன்று. சாசனத்தைக் காப்பதாகப் பிரமாணம் செய்ய வேண்டியவர், அதன் ஒரு பகுதியையே அபாயம் என்று கருதினால் என்ன ஆகும்?

கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக உழைத்த தேசிய சங்கத்தை அந்நாளில் நடத்திவந்த வால்டர் வைட், எடுத்த எடுப்பில் கண்டனக் குரல் எழுப்பவில்லை. இப்படிப் பேசியது உண்மைதானா என்று பார்க்கருக்கே தந்தி அடித்துக் கேட்டார். பதில் வரவில்லை. தேர்தல் மேடையில் வாய்தவறிச் சொன்னதை இன்று மறுக்கிறேன் என்று ஒரு வரி வந்திருந்தால் எதிர்ப்பின் வேகம் பாதியாகக் குறைந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். பேச்சைக் காட்டிலும் மௌனமே அவருக்கு அதிகக் கெடுதல் செய்தது. வைட் செனட் உபகமிட்டியின் முன் சாட்சியம் அளித்தார். சங்கத்தின் கிளைகள் தத்தம் செனட்டர்களுக்குத் தந்திகளைக் குவித்தன.

இவர்களால் மட்டுமே காரியம் கைகூடியது என்று சொல்லிவிட முடியாது. தொழிற்சங்கத்தில் சேரமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஆள் சேர்த்த சுரங்க முதலாளிகளுக்குச் சாதகமாகப் பார்க்கர் 1927-இல் தீர்ப்பு எழுதியிருந்தபடியால், அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனமும் அவரைத் தீவிரமாக எதிர்த்தது. மே 7-ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 39, எதிர்ப்பு 41. ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால் இருபக்கமும் 40 ஆகி, ஹூவர் கட்சியினரான துணை ஜனாதிபதியின் வாக்கே முடிவு செய்திருக்கும். பின்னர் அந்த ஸ்தானம் ஓவன் ராபர்ட்ஸுக்குப் போயிற்று.

பார்க்கர் தம் பழைய நீதிமன்றத்திலேயே இருந்து, 1940-இல் கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் உண்டென்றும், 1947-இல் தென் கரோலினாவின் கட்சி உள்தேர்தலில் கறுப்பின வாக்காளர்களை விலக்கக் கூடாதென்றும் தீர்ப்பளித்தார். இதைக் காட்டி, 1930-இல் எதிர்த்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று வாதிப்போர் உண்டு. அந்த வாதம் எனக்கு ஒப்புதலாக இல்லை. 1951-இல் தென் கரோலினாவின் கிளாரெண்டன் வட்டாரப் பள்ளி வழக்கு வந்தபோது, கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் வைப்பது சட்டப்படி செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அதே பார்க்கர்தாம். 1954-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த நிலைப்பாட்டைத் தள்ளினார்கள்; அந்த ஒன்பதின்மரில் அவர் இல்லை.