தறிக்குடோன் கரன்ட்டில் கார் ஓடுமா? சோமனூர்க்காரருக்கு ஒரு எஸ்.யூ.வி. கணக்கு

சோமனூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் புது வண்டி வருகிறது என்றால், பேச்சு முதலில் தறியில்தான் தொடங்கும். கூலி எப்படி, பாவு நூல் ஒழுங்காக வருகிறதா, ஜாப் ஒர்க் அடுத்த ஆறு மாதம் நிற்குமா என்று எல்லாம் பேசி முடித்த பிறகுதான் வண்டிப் பேச்சு. இப்போது அந்தப் பேச்சில் புதிதாக ஒரு சண்டை சேர்ந்திருக்கிறது.

“டீசலே எடுக்கலாங்கண்ணு. எங்க போனாலும் பங்க் இருக்குது” என்பார் அப்பா. “லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேலங்கப்பா. எலெக்ட்ரிக்னா வீட்டுலயே சார்ஜ் போட்டுக்கலாமுங்க” என்பான் மகன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். சிக்கலே அதுதான்.

சந்தையைப் பார்த்தால் இந்தச் சண்டை வந்ததில் வியப்பில்லை. மஹிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் வைத்து எக்ஸ்.இ.வி. 9இ, பி.இ. 6 என இரண்டு எலெக்ட்ரிக் எஸ்.யூ.வி.களை அறிமுகம் செய்தது. 2025 ஜனவரியில் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தது. டீசல் கிரெட்டா உருவாகும் அதே ஸ்ரீபெரும்புதூரில்தான் அதுவும் உருவாகிறது. ஜூன் மாதம் டாடா ஹாரியர் இ.வி. 21.49 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் இறங்கியது. ஆக, ‘எலெக்ட்ரிக் என்றால் சின்ன வண்டிதான்’ என்ற பேச்சு முடிந்துவிட்டது.

விலைப்பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் டீசல்தான் மலிவு. ஆனால், ஷோரூம் விலையில் யாரும் வண்டியை ரோட்டில் ஓட்டுவதில்லை. எலெக்ட்ரிக் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டீசல் எஸ்.யூ.வி.க்கு 40 சதவிகிதம். இது ஷோரூம் விலைக்குள்ளேயே அடக்கம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது சாலை வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20 சதவிகிதம். 25 லட்சம் ரூபாய் டீசல் வண்டிக்கு வரி மட்டும் சுமார் 5 லட்சம்! எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு மாநில அரசின் 2023 கொள்கைப்படி 2025 டிசம்பர் 31 வரை முழு வரிவிலக்கு கிடைத்தது. நீங்கள் வாங்கும் நாளில் விலக்கு எப்படி இருக்கிறது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மொத்தக் கணக்கையே மாற்றிவிடக் கூடிய தொகை அது.

இனி ஓட்டும் செலவு. சோமனூரிலிருந்து கோவை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். திருப்பூர் அதைவிடக் கிட்ட. ஒரு தறிக்காரர் வீட்டு வண்டி மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பெரிய டீசல் எஸ்.யூ.வி. ஊருக்குள்ளும் பைபாஸிலுமாக லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தந்தால், மாதம் 92 லிட்டர். எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் போய்விடும்.

எலெக்ட்ரிக் வண்டி ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் என்றால் 200 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 225 யூனிட். இங்கேதான் பலர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். ‘யூனிட் நாலு ரூபாய், ஆயிரம் ரூபாயில் மாதம் ஓடிவிடும்’ என்பார்கள். நம் வீட்டு மின்கட்டணம் ஏணி மாதிரி. மேலே ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். 800-ஐத் தாண்டினால் பத்து ரூபாய்க்கு மேல். கீழ்ப்படிச் சலுகையிலும் கொஞ்சம் போய்விடும். ஏற்கெனவே 500 யூனிட் ஓடும் வீட்டில் காருக்காக 450 யூனிட் சேர்ந்தால், பில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கூடும். மாதக் கணக்கில் இரண்டாயிரத்து முந்நூறு.

அப்படிப் பார்த்தாலும் டீசலைவிட மாதம் ஆறாயிரம் மிச்சம். ஆனால், ஷோரூமில் சொல்லும் ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்’ இந்த வீட்டில் இரண்டு ரூபாய் ஆகிவிட்டது.

அந்த ஆயிரம் யூனிட்டைத் தொடாதீர்கள்!

இதைக் கேட்டதும் சோமனூரில் பலருக்குத் தோன்றும் யோசனை ஒன்று உண்டு. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். அங்கே மூன்று ஃபேஸ் லைன். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். 2023-ல்தான் 750-லிருந்து உயர்த்தினார்கள். ராத்திரி ஒரு வயரை இழுத்து வண்டியில் மாட்டினால் என்ன?

மாட்டக் கூடாது. அது தறி ஓட்டுவதற்கான தனிக் கட்டணப் பிரிவு இணைப்பு. வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவு பாயும். உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டியிருக்கும். கட்டணச் சலுகைக்காகப் பல வருடம் போராடிய ஊர் இது. காருக்காக அந்த இணைப்பைச் சிக்கலில் விடுவது புத்திசாலித்தனம் இல்லை.

நேர்வழி கூரையில் இருக்கிறது. ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம். கொங்கு வெயிலுக்கு நாளொன்றுக்கு சராசரியாக 12 யூனிட் எதிர்பார்க்கலாம். இரண்டு மாதத்தில் 720. காருக்குத் தேவையான 450 அதற்குள் அடங்கிவிடும். பகலில் வாரியத்துக்குக் கொடுத்து, ராத்திரி சார்ஜ் போடும்போது கழித்துக்கொள்ளலாம்.

வண்டியிலிருந்து வீட்டுச் சாதனங்களுக்குக் கரன்ட் எடுக்கும் வசதி ஹாரியர் இ.வி., கிரெட்டா எலெக்ட்ரிக் இரண்டிலும் உண்டு. மின்தடை நாளில் ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடும். ‘தறி ஓடுமா?’ என்று கேட்டால், ஓடாது. தறி மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் வேண்டும். வண்டியில் வருவது ஒரு ஃபேஸ்.

டீசலுக்கு ஆதரவாகவும் நிறைய இருக்கிறது. துணி வியாபாரத்துக்காக இச்சல்கரஞ்சி, பிவண்டி என்று அடிக்கடி ஓடுபவருக்கு இன்றைக்கும் டீசல்தான் நிம்மதி. பத்து நிமிடத்தில் டேங்க் நிரம்பும். எலெக்ட்ரிக்கில் 600 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று கம்பெனி சொன்னால், பைபாஸ் வேகத்தில் 400 முதல் 450 வரை என்று வைத்துக்கொள்வதே நல்லது. சென்னை போக வழியில் ஒரு தடவை நிறுத்த வேண்டும். பொது ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் அளவில் இருக்கும். முழுக்க வெளியே சார்ஜ் போட்டால் டீசலோடு ஒப்பிட்டு மிச்சமாவது பாதிதான். ஊட்டிக்கு ஏறும்போது, அந்த உயரத்துக்கு வண்டியைத் தூக்கவே பத்துப் பன்னிரண்டு யூனிட் கூடுதலாகப் போகும். இறங்கும்போது ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பி வரும். முழுவதும் வராது.

ஆனால் டீசல் வாங்கிவிட்டு கருமத்தம்பட்டி, சோமனூர், அவிநாசி என்று மட்டுமே சுற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. அது சுத்தமாக வண்டி அவ்வப்போது சீரான வேகத்தில் சூடாக ஓட வேண்டும். தினம் மூன்று கிலோமீட்டர் போய்ப் போய் நிறுத்தினால் கரி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரியும். அந்தக் காலத்து டீசல் ஜீப் மாதிரி நினைத்து ஓட்டினால் செலவு வைக்கும்.

எலெக்ட்ரிக் வாங்குபவர் கேட்க வேண்டியது பேட்டரி வாரன்டி. மஹிந்திராவும் டாடாவும் இந்தப் பெரிய வண்டிகளுக்கு ஆயுட்கால வாரன்டி என்று சொல்வது முதல் உரிமையாளருக்கு. தனிநபர் பெயரா, மில் பெயரா என்பதைப் பொறுத்தும் நிபந்தனை மாறும். வண்டியை ஃபர்ம் பெயரில் எடுக்கும் பழக்கமுள்ளவர்கள் ஆடிட்டரையும், வாரன்டி புத்தகத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது நல்லது. ஆறேழு வருடம் கழித்து விற்கும்போது என்ன விலை போகும் என்பதில், பழகிய டீசலுக்கு இருக்கும் தெளிவு எலெக்ட்ரிக்குக்கு இன்னும் வரவில்லை.

20 லட்சம் கடன், 9 சதவிகித வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 41,500 ரூபாய். எரிபொருளில் மிச்சமாகும் ஆறாயிரம் அதில் ஏழில் ஒரு பங்குதான். 2022-லும் 2025-லும் கூலி உயர்வு கேட்டு இந்த வட்டாரத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. தறி நின்றாலும் தவணை நிற்காது. கூலிக்கு ஓட்டும் வீடுகளில் டீசலா, எலெக்ட்ரிக்கா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இவ்வளவு பெரிய வண்டி வேண்டுமா என்பதுதான். ஒரு படி கீழே இறங்கி கிரெட்டா எலெக்ட்ரிக்கையோ, அதைவிடச் சின்னதையோ பார்த்தால், சோமனூர், கோவை, திருப்பூர் ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது கடைசி மூன்று மின் பில்லைக் கையில் எடுத்துப் போங்கள். கூடவே அப்பத்தாவையும் பின் சீட்டில் உட்கார வையுங்கள். எலெக்ட்ரிக் வண்டிகளில் பேட்டரி காலுக்கடியில் இருப்பதால், சிலவற்றில் தரை உயர்ந்து முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும். பழனி வரைக்கும் அப்படி உட்கார முடியுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.