மூன்று இரவு, பன்னிரண்டு மாதம், மூன்று ஆண்டு

சிம்பாங் ரெங்கம் சுற்றுலாத் தலமல்ல. அன்னாசியும் செம்பனையும் சூழ்ந்த ஊர். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் கடந்தே போய்விடுவார்கள். ஆனால் கல்யாணம், தீபாவளி என்று உறவுகள் வந்து இறங்கினால், தாமானில் ஒரு வரிசை வீடு இரண்டு இரவுக்குக் கிடைக்காதா என்று தேடத் தோன்றும். இப்படி வீட்டை நாள் கணக்கில் விடுவதற்கு மலேசியாவில் ‘ஹோம்ஸ்டே’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அரசாங்கத் திட்டத்தில் அந்தச் சொல் கம்பத்துக் குடும்பத்தோடு சேர்ந்து தங்குவதைக் குறிக்கும் என்பது பலருக்கு மறந்தே போனது.

மாதம் 700 வெள்ளிக்கு விடக்கூடிய வீடு என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 180 வெள்ளி வாங்கினால் நான்கே இரவில் அந்தப் பணம் வந்துவிடுகிறது. கேட்க இனிக்கும். மின்கட்டணம், படுக்கை விரிப்புச் சலவை, கூட்டித் துடைக்கும் கூலி, முன்பதிவுத் தளத்தின் கழிவு எல்லாம் போனால் ஆறேழு இரவாவது நிரம்ப வேண்டும். விடுமுறை இல்லாத மாதத்தில் அதுவே பெரும்பாடு. மாத வாடகைக்காரரோ குடிவரும்போதே வழக்கப்படி இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என 2,450 வெள்ளியைக் கையில் வைத்துவிடுவார்.

நாள் கணக்கில் தங்குபவரையும் மாத வாடகைக்காரரையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. கோலாலம்பூர் மோன் கியாராவின் வெர்வ் சூட்ஸ் வழக்கில், 2020-ல் கூட்டரசு நீதிமன்றம், இத்தகைய குறுகிய காலத் தங்கல் குடிவாடகை ஆகாது, தங்கிக்கொள்ளத் தரும் அனுமதி மட்டுமே என்றது. அடுக்குமாடி நிர்வாகக் கழகம் அதைத் தடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. தனிப்பட்டா வரிசை வீட்டுக்கு அப்படியொரு கழகமே கிடையாது. அங்கே உள்ளூர் மன்றத்தின் விதிகளும் பக்கத்து வீட்டாரின் பொறுமையும்தான்.

மாத வாடகைக்காரரின் நிலை வேறு. வாடகை பாக்கி வைத்தாலும், ஒப்பந்தம் முடிந்த பிறகு காலி செய்ய மறுத்தாலும், நீதிமன்ற ஆணையில்லாமல் அவரை வெளியேற்றக்கூடாது என்கிறது 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம். வீட்டுக்காரர் தாமே பூட்டை மாற்றுவது இதனால் வம்பில்தான் முடியும்.

மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். குடியிருப்பு வீட்டுக்கு யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஓராண்டு, விரும்பினால் இன்னோராண்டு என்றுதான் எழுதுகிறார்கள். வாடகைக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அதுவரை அந்த இரண்டு மூன்று தாள் ஒப்பந்தம்தான் வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் பிடிமானம். கையெழுத்தான 30 நாளுக்குள் அதற்கு முத்திரை வரி கட்டிவிட வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை, வழக்கென்று வந்தால், நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை.