பரிசு யாருக்கோ... போன் அழைப்பு உங்களுக்கு!

“ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்... ஸ்கூட்டரை வெல்லுங்கள்!” செல்போனில் இப்படி ஒரு விளம்பரம் வந்தால் விரல் தானாகவே அதைத் தொட்டுவிடும். கேள்விகளும் கடினமாக இருக்காது. தமிழ்நாட்டின் தலைநகரம் எது என்கிற அளவில்தான் இருக்கும். நிஜமான கேள்விகள் அதற்குப் பிறகே வரும். பெயர், செல்போன் எண், இமெயில், வயது, ஊர், மாத வருமானம்... போட்டி நடத்துகிறவருக்கு வேண்டிய விடைகள் இவைதான்.

ஓசூர் போன்ற ஊரில் இந்த விடைகளுக்கு மதிப்பு அதிகம். சிப்காட் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் வாங்கும் இளைஞர்கள், முதல் பைக், முதல் கிரெடிட் கார்டு, முதல் மனை என்று வாழ்க்கையைத் தொடங்கும் குடும்பங்கள், தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். கடன் கொடுப்பவர், மனை விற்பவர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என எல்லோருக்கும் இவர்களின் எண் வேண்டும். விற்பனைத் துறையில் இதற்கு ‘லீடு’ என்று பெயர்.

அஞ்சல் அட்டையிலிருந்து ஆன்லைனுக்கு...

போட்டிகள் நமக்குப் புதிதல்ல. அட்டையில் விடை எழுதி அனுப்பிய தலைமுறை இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. சாதாரண அஞ்சல் அட்டை 50 பைசா. போட்டிகளுக்கென்றே தபால் துறை வெளியிட்ட அட்டை 10 ரூபாய். அதில் இருந்தது பெயரும் முகவரியும்தான்.

பிறகு எஸ்.எம்.எஸ். காலம். 2007-ல் ‘கோன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியுடன் சேர்த்து, வீட்டிலிருந்தே விடை அனுப்பும் ‘ஹர் சீட் ஹாட் சீட்’ போட்டி நடந்தது. ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 2.40 ரூபாய் கட்டணம். அந்தக் காசிலிருந்துதான் பரிசே கொடுக்கப்பட்டது என்று வழக்கு போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஸ்டார் இந்தியா, ஏர்டெல் நிறுவனங்களுக்கு எதிராக 1 கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆனால், ‘இலவசப் போட்டியின் செலவை யார் கட்டுகிறார்கள்?’ என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இன்று பல போட்டிகளில் எஸ்.எம்.எஸ். கட்டணம் இல்லை. நம் எண்தான் கட்டணம்.

சின்ன எழுத்தில் ஒரு வரி

படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருக்கும். ‘ஸ்பான்சர்களும் பார்ட்னர்களும் என்னைத் தொடர்புகொள்ள சம்மதிக்கிறேன்’ என்ற வரிக்கு முன்னால், சில நேரம் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். அந்த ‘பார்ட்னர்கள்’ யார், எத்தனை பேர் என்று எழுதியிருக்காது. ‘நான் டி.என்.டி-யில் பதிவு செய்திருக்கிறேனே’ என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. நீங்கள் சம்மதம் கொடுத்த நிறுவனத்தை டி.என்.டி. தடுக்காது.

குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியிலும், மாறுவேடப் போட்டியிலும் இதே கதைதான். படம் குழந்தையுடையது, எண் அம்மாவுடையது!

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் நம்பிக்கையோடு கொடுத்த தனிப்பட்ட தகவலை, சட்டம் அனுமதிக்காத வகையில் மற்றவருக்குக் கொடுப்பது ‘நேர்மையற்ற வணிக நடைமுறை’ என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. கடையில் பொருள் வாங்கி, பில்லோடு கூப்பன் நிரப்பியவர்களுக்கு இது கைகொடுக்கும். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், மும்பையில் இருந்தாலும், ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆனால், எதையுமே வாங்காமல் இலவசப் போட்டியில் கலந்துகொண்டவர், தானும் ‘நுகர்வோர்’தான் என்று நிரூபிப்பது கடினம்.

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். சம்மதம் கொடுத்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். நம் தகவல் யார் யாருக்குப் போனது என்று கேட்கும் உரிமையும் உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம். மீறினால், குற்றத்தின் வகையைப் பொறுத்து 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வருகின்றன. அபராதமும் அரசு கஜானாவுக்குத்தான் போகும். பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

தொல்லை மோசடியாகும்போது...

விற்பனை அழைப்பு வெறும் தொல்லை. கைமாறிக் கைமாறி அந்தப் பட்டியல் மோசடிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தால், அது ஆபத்து. உங்கள் பெயர், ஊர், கலந்துகொண்ட போட்டி எல்லாம் தெரிந்த ஒருவர் ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’ என்றால் நம்பத்தானே தோன்றும்? அடுத்து, ‘வரிப் பணத்தை மட்டும் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்பார்.

ரொக்கப் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவிகித வரி உண்டு என்பது உண்மைதான். ஆனால், நிறுவனமே அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்கு முன்பணம் கேட்டால், அது மோசடி.

நீங்கள் செய்ய வேண்டியவை

* டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எடுத்தால் படிவம் நகரவில்லையா? அந்தப் போட்டியே வேண்டாம்.
* வருமானம், ஆதார், பான் எண், வங்கி விவரம் எதையும் நுழைவுப் படிவத்தில் கொடுக்காதீர்கள்.
* நிபந்தனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் புகாருக்கு உதவும்.
* தொல்லை அழைப்பு வந்தால் 7 நாள்களுக்குள் 1909 எண்ணிலோ, டிராய் டி.என்.டி. செயலியிலோ புகார் செய்யுங்கள்.
* நுகர்வோர் உதவிக்கு 1915. பணம் பறிபோனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930.

முக்கியமாக, வீட்டில் ஸ்மார்ட்போனைப் புதிதாகப் பழகும் தாத்தா, பாட்டிக்கும், அதை உங்களைவிட வேகமாகப் பழகிவிட்ட பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். போட்டியில் கலந்துகொள்வதில் தப்பே இல்லை. விடையைக் கொடுங்கள், எண்ணைக் கொடுப்பதற்கு முன் மட்டும் ஒரு நிமிடம் யோசியுங்கள்!