பிறவிப் பார்வையிழப்பு: "காலம் கடந்துவிட்டது" என்பது சரியா?

புது தில்லி: சென்னையிலிருந்து திருப்பதிக்கும் மும்பைக்கும் செல்லும் ரயில் பாதைகள் பிரியும் இடம் ரேணிகுண்டா சந்திப்பு. அங்கு நடைமேடையின் கோடியில் நிற்கும் எவருக்கும், இணையாக ஓடும் இரு தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றையொன்று நெருங்குவதாகத் தோன்றும். இக்காட்சியைப் படமாக வரைந்து, தண்டவாளங்களுக்கு இடையே மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஒரே நீளமுள்ள இரு குறுக்குக் கோடுகளை இட்டால், மேலே உள்ள கோடே நீளமானது என்று கண் சொல்லும். அளவுகோல் வைத்து அளந்து காட்டினாலும் அத்தோற்றம் மாறுவதில்லை. இத்தாலிய உளவியலாளர் மரியோ பொன்சோவின் பெயரால் அறியப்படும் மாயத்தோற்றம் இது.

ஆண்டுக்கணக்கில் உலகைப் பார்த்துப் பழகிய மூளை, தொலைவிலுள்ள பொருள் சிறிதாகத் தெரியும் என்பதை அறிந்து அதை ஈடுகட்டுகிறது. அதனால்தான் இப்பிழை என்று பாடநூல்கள் கூறிவந்தன. அவ்வாறாயின், பிறவியிலேயே பார்வையிழந்து, இன்றுதான் பார்வை பெற்ற ஒரு குழந்தை இப்படத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. ஆனால், 8 முதல் 16 வயது வரையிலான அத்தகைய ஒன்பது குழந்தைகளிடம் நடத்தப்பட்டு, 2015-ஆம் ஆண்டு "கரண்ட் பயாலஜி" இதழில் வெளியான ஆய்வு, பார்வை கிடைத்தவுடனேயே அவர்களும் ஏமாறியதைக் காட்டியது. பார்வை அனுபவம் எதுவும் இன்றியே மூளையில் சில ஏற்பாடுகள் தயாராகக் காத்திருந்தன என்பதே இதன் பொருள்.

இந்த ஆய்வை நடத்தியது, இந்தியக் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட "பிரகாஷ்" திட்டம். தில்லி ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பயின்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருப்பவர் பவன் சின்ஹா. 2002-இல் தில்லி வந்திருந்தபோது, சாலையில் யாசகம் கேட்டு நின்ற ஒரு தாயின் குழந்தைகளுடைய கண்களில் புரை படர்ந்திருந்ததைக் கண்டார். சில மணித் துளிகளில் அகற்றிவிடக்கூடிய புரை அது. அதிலிருந்து பிறந்த திட்டத்தில், தில்லி தரியாகஞ்சில் உள்ள டாக்டர் ஷ்ராஃப் அறக்கட்டளை கண் மருத்துவமனை இணைந்தது. வட இந்தியக் கிராமங்களில் பல்லாயிரம் குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கானோருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது.

மேலை நாடுகளில் இத்தகைய ஆய்வுக்கு வாய்ப்பே இல்லை. அங்கு பிறவிக் கண்புரை பிறந்த சில வாரங்களிலேயே கண்டறியப்பட்டு அகற்றப்படுகிறது. பத்து வயது வரை புரையுடன் வளரும் குழந்தைகள் இங்கு கிடைத்தார்கள் என்பதால்தான் இந்த அறிவியல் சாத்தியமாயிற்று. நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி அல்ல அது.

முந்நூறு ஆண்டுக் கேள்வி: பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் கையால் தடவி வேறுபடுத்தப் பழகியிருக்கிறார். திடீரென அவருக்குப் பார்வை கிடைத்தால், தொடாமல், பார்த்தே இது கனசதுரம், இது உருண்டை என்று கூற முடியுமா? 1688-இல் அயர்லாந்து அறிஞர் வில்லியம் மோலினோ தத்துவ அறிஞர் ஜான் லாக்கிடம் எழுப்பிய கேள்வி இது. மோலினோவின் மனைவியும் பார்வையிழந்தவர். "முடியாது" என்றார் லாக். 1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், தாம் சிகிச்சையளித்த 13 வயதுச் சிறுவன் காணும் பொருள்களெல்லாம் தன் கண்ணைத் தொடுவதாகவே எண்ணினான் என்று பதிவு செய்தார். ஆயினும் கேள்வி தீரவில்லை.

அதற்கு முறையான சோதனை தில்லியில் நடந்தது. 8 முதல் 17 வயது வரையிலான ஐவருக்கு, பார்வை கிடைத்தவுடன், விளையாட்டுக் கட்டைகளைப் போன்ற 20 இணை உருவங்கள் தரப்பட்டன. ஒன்றைத் தொட்டு அறிந்து, பின்னர் இரண்டில் அது எது என்று தொட்டே சொல்ல வேண்டும்: 98 சதவீதம் சரி. பார்த்ததைப் பார்த்தே அடையாளம் காண வேண்டும்: 92 சதவீதம் சரி. ஆனால் தொட்டு அறிந்ததைப் பார்த்துச் சொல்லும்போது கிடைத்தது 58 சதவீதம் மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக இருக்கும் என்பதை நினைத்தால், இது ஏறத்தாழ ஒன்றுமில்லை. 2011-இல் "நேச்சர் நியூரோசயின்ஸ்" இதழ் வெளியிட்ட இம்முடிவு, லாக் கூறியதே சரி என்றது. ஆனால் அதே குழந்தைகளில் சிலரை மீண்டும் சோதித்தபோது, சில நாள்களிலேயே அவர்களால் பெருமளவு சரியாகச் சொல்ல முடிந்தது. லாக்குக்குத் தெரியாத பாதி இதுதான்.

பூனைக்குட்டிகள் சொன்ன பாடம்: வளர்ந்த குழந்தைக்கு இனிப் பயனில்லை என்று மருத்துவர்களே கருதியதற்குக் காரணம் உண்டு. டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் 1960-களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் தைத்து மூடி வைத்தனர். பிறகு திறந்தும், அக்கண்ணால் பயன் இல்லை. மூளையின் பார்வைப் புறணியில் அதற்குரிய இடத்தை மறு கண் எடுத்துக்கொண்டிருந்தது. 1981-இல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூளைக்கு ஒரு "நெருக்கடிக் காலம்" உண்டு, அது கடந்தால் கதவு அடைபடும் என்ற கருத்து மருத்துவக் கல்லூரிகளில் வேரூன்றியது. இரு கண்களும் மூடியிருந்தால் பாதிப்பு எதிர்பார்த்த அளவு கடுமையாக இல்லை என்று அதே அறிஞர்கள் 1965-இல் எழுதியது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

கதவு முழுவதும் அடைபடுவதில்லை என்பதற்குத் தில்லியில் சான்றுகள் சேர்ந்தன. விழி ஆடியின்றி வளர்ந்த 29 வயது இளைஞர் ஒருவருக்குத் தேவைப்பட்டது மூக்குக் கண்ணாடி மட்டுமே. அதை அணிந்த தொடக்கத்தில் அவர் கண்டது பொருள்களை அல்ல, துண்டுகளை. ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த இரு உருவங்கள் அவருக்குப் பல தனித்தனி வடிவங்களாகத் தோன்றின. நிழலும் ஒரு தனிப் பொருளாயிற்று. ஆனால் அவ்வுருவங்கள் நகர்ந்தபோது எது எதனுடன் சேர்ந்தது என்று உடனே தெரிந்துகொண்டார். அசைவே அவருடைய மூளைக்கு ஆசிரியராக அமைந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில், அசையாத படங்களையும் அவரால் பிரித்தறிய முடிந்தது. 12 வயதில் அறுவைச் சிகிச்சை பெற்ற மற்றொரு பெண்ணை 20 ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்தபோது, பார்வைக் கூர்மை குறைவாகவே இருந்தும், முகங்களையும் பொருள்களையும் அறிவதில் பெரும்பாலான சோதனைகளில் அவர் தேறினார்.

ஹைதராபாத் தரும் எச்சரிக்கை: இதனால், "எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்" என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களை ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியை பிரிகிட்டே ரோடர் குழுவினர் ஆராய்ந்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். மற்றவர்களின் மூளையில் முகத்துக்கென்றே எழும் தனித்த மின் அலை, தாமதமாகப் பார்வை பெற்றவர்களிடம் உருவாகவில்லை. முகத்துக்கும் வீட்டுக்கும் ஒரே வகையான எதிர்வினைதான்.

சின்ஹாவின் குழுவும் இழப்பை மறுக்கவில்லை. அதற்குக் காரணம் தேடியது. பச்சிளங்குழந்தைக்கு உலகம் மங்கலாகவும், நிறம் குறைந்தும் தெரிகிறது. அக்குறையே ஒரு பயிற்சி என்பது இக்குழுவின் கருத்து. மங்கலில் தொடங்கும் மூளை, நுணுக்கங்களில் சிக்காமல் முகத்தை முழுமையாகக் காணப் பழகுகிறது. பத்து வயதில் திடீரெனக் கண் திறப்பவருக்கு அத்தொடக்கப் பாடம் கிடைப்பதில்லை. நிறத்தை நீக்கிய கறுப்பு வெள்ளைப் படங்களில் இக்குழந்தைகள் தடுமாறுவதை 2024-இல் "சயின்ஸ்" இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

எனவே, முழுமையான பிறவிப் புரைக்கு ஏற்ற காலம் பிறந்த ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் என்ற மருத்துவ விதியில் மாற்றமில்லை. அதைக் கண்டறியப் பெரிய கருவியும் தேவையில்லை. கண்ணுக்குள் நேராக ஒளி பாய்ச்சிப் பார்த்தால் நலமான கண்ணில் செந்நிறம் மிளிரும். புரை இருந்தால் அது தெரியாது, வெண்மையே தெரியும். மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பிறவிக் கண்புரையும் உள்ளது. கருவுற்ற தாயைத் தாக்கும் ரூபெல்லா கிருமி இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதற்கான தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் தொடங்கியது.

கிராமங்களில் சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. கருவிழியில் விழுந்த தழும்பையும் உள்ளே இருக்கும் புரையையும் "பூ விழுந்த கண்" என்று ஒரே பெயரால் அழைத்து, இரண்டையும் விதி என்று விட்டுவிடுவோர் உண்டு. புரையை அகற்றலாம் என்பதே பல பெற்றோரை எட்டுவதில்லை.

2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் புதிய திருப்பதி மாவட்டத்திலும் இடம்பெற்றுள்ள ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி நகரம் ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை ஒன்று அங்கு இயங்குகிறது. இவ்வளவு அருகில் மருத்துவமனை இருக்கும் ஊர்களில் தொலைவு ஒரு காரணமாக முடியாது. எட்டு வயதுக் குழந்தையை அழைத்து வரும் பெற்றோரிடம் இன்றைய ஆய்வுகளின் அடிப்படையில் சொல்லக்கூடியது இதுதான்: எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிக்கும் கூர்மை பெரும்பாலும் கிடைக்காது, கண்ணாடியும் தொடர் பயிற்சியும் தேவைப்படும், முகங்களை இனங்காண்பதில் தடுமாற்றம் நீடிக்கலாம். ஆனால் பலருக்கும் மாதங்கள் செல்லச் செல்லப் பார்வை மேம்படும். பிறர் கையைப் பிடிக்காமல் தெருவில் நடக்கும் அளவுக்கு அது பயன்படக்கூடும்.