ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது?

திருவட்டாற்றை ஆறு வட்டமிட்டுச் செல்வதால் அப்பெயர் வந்தது என்பார்கள். கோதையாறும் பரளியாறும் அருகே மூவாற்றுமுகத்தில் கூடுகின்றன. சுற்றிலும் ரப்பர், வாழை, தென்னை என்று ஒரே பச்சை. இந்த இலைகள் பகலில் வெளிவிடும் ஆக்சிஜன் எதிலிருந்து கிடைக்கிறது?

"கார்பன்-டை-ஆக்சைடிலிருந்து" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். கார்பனை இலை வைத்துக்கொண்டு ஆக்சிஜனை விட்டுவிடுகிறது என்பது உங்கள் எண்ணம். வெட்கப்பட வேண்டாம், 1930-க்கு முன் பெரிய விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர்களைத் திருத்தியவை சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள்.

இந்த ஆற்றோடு தேங்காப்பட்டணம் கடற்கரைப் பக்கம் போவோம். கயிறு திரிப்பதற்காகத் தேங்காய்க் கதம்பையை ஊறப்போடும் உப்பங்கழிகளின் அழுகிய முட்டை நாற்றத்தை அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. ஆக்சிஜன் இல்லாமல், இவ்வாயு நிறைந்து, வெளிச்சமும் படுகின்ற நீர் ஊதாக் கந்தக பாக்டீரியாக்களுக்கு ஏற்ற இடம். அவையும் ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரிக்கின்றன. ஆனால் ஆக்சிஜனை விடுவதில்லை. கந்தகத்தைச் சிறு மணிகளாக உடலுக்குள் சேர்க்கின்றன.

கலிபோர்னியாவில் இவற்றை ஆராய்ந்த வான் நீல், 1931-இல் இரண்டையும் ஒப்பிட்டார். நீங்களும் நோட்டில் எழுதிப் பாருங்கள்:

பாக்டீரியா: கார்பன்-டை-ஆக்சைடு + ஹைட்ரஜன் சல்பைடு → சர்க்கரை + நீர் + கந்தகம்

தாவரம்: கார்பன்-டை-ஆக்சைடு + நீர் → சர்க்கரை + நீர் + ஆக்சிஜன்

கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்துதான் வந்திருக்க முடியும். அப்படியானால் அதே இடத்தில் நிற்கும் ஆக்சிஜன்? நீரிலிருந்து! 1941-இல் ரூபனும் கேமனும் அவர்களது கூட்டாளிகளும் ஆக்சிஜன்-18 என்னும் கனத்த ஐசோடோப்பு கலந்த நீரைப் பாசிக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த வாயுவில் அந்தக் கனத்த ஆக்சிஜன் இருந்தது.

நீர்தான் எங்கும் கிடைக்கிறதே, இந்த பாக்டீரியா ஏன் நாற்ற வாயுவைத் தேடுகிறது? நீர் தன் ஹைட்ரஜனை இறுகப் பிடித்திருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடின் பிடி தளர்வானது. ஊதா பாக்டீரியா 800 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக்கூடப் பயன்படுத்தும். அதன் ஒரே ஒளி அமைப்பு நீரைப் பிளக்கப் போதாது. தாவரத்திலோ 680, 700 நானோமீட்டர் ஒளிக்கு இயங்கும் இரண்டு அமைப்புகள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. என்னைப் போன்ற இயற்பியல்காரனுக்கு டார்ச் விளக்கில் வரிசையாகப் போட்ட இரண்டு பாட்டரிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

எல்லா பாக்டீரியாக்களும் இப்படியல்ல. வயலிலும் குளத்திலும் வாழும் நீலப்பச்சைப் பாசியும் பாக்டீரியாதான். ஆனால் இரண்டு அமைப்புகளும் அதனிடம் உண்டு, நீரையும் பிளக்கும். ரப்பர் இலையிலுள்ள பசுங்கணிகங்கள் அதன் முன்னோரின் வழிவந்தவை.