டி.சி. என்னும் கடைசித் தண்டனை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவருக்குக் கொடுக்கச் சட்டத்தில் மிஞ்சியிருக்கும் தண்டனைகள் மிகச் சிலவே. பிரம்பு போய்விட்டது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியை விட்டு நீக்குவதும் போய்விட்டது. அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் கடைசி ஆயுதமாக இருப்பது மாற்றுச் சான்றிதழ், ஊர்வழக்கில் டி.சி. கள்ளக்குறிச்சி நகரத்தில் அந்தத் தாளுக்கு ஒரு பொருள்; கச்சிராயபாளையம் தாண்டி மேலேறினால் வரும் கல்வராயன் மலையில் வேறு பொருள்.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் கொடுக்கப்பட்டவை உடல் தண்டனைகள்தான். கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டம், முட்டி போடுதல், தோப்புக்கரணம் என்று பட்டியல் நீளும். பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பனே, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க வாத்தியாரே” என்று உரிமம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த உரிமம் இப்போது செல்லாது. மாணவரைத் திருத்துகிறேன் என்று உடலுக்கோ மனத்துக்கோ வலி தருவதை, 2003இல் கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தித் தமிழ்நாடு தடைசெய்தது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதை நாடு முழுவதற்குமான தடையாக்கியது. அடிப்பதோடு மனத்துன்பம் தருவதையும் அது சேர்த்தே தடுக்கிறது. மீறும் ஆசிரியர் துறை நடவடிக்கைக்கு உள்ளாவார். வகுப்பு நடுவே சாதியையோ நிறத்தையோ சொல்லி ஏசுவது பிரம்படியைவிட நெடுநாள் வலிக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். ஆனாலும் வழக்கம் விட்டபாடில்லை. உடல் தண்டனையை ஒழிக்கத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிமுறைகளைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

எது ஒழுங்கீனம் என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. தாமதமாக வருவதும் வீட்டுப்பாடம் எழுதாததும் பழையவை. கைப்பேசி, பேருந்துப் படியில் தொங்குதல், ஆசிரியரைக் கேலி செய்து காணொளி எடுத்தல், மேசை நாற்காலி உடைத்தல் ஆகியவை புதியவை. கையில் சாதிக் கயிறு கட்டுவதும் இப்போது ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்க்கப்படுகிறது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடைசெய்ய 2024 ஜூனில் பரிந்துரைத்தது. ராகிங் மட்டும் தனிக் கணக்கு. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு.

மாணவர்கள் மேசைகளை உடைக்கும் காணொளிகள் பரவிய 2022 மே மாதத்தில் பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி சட்டமன்றத்தில் கடுமையாகப் பேசினார். ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர் நிரந்தரமாக நீக்கப்படுவார், காரணம் டி.சி.யிலும் நடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்றார். வழக்கமாக ‘நன்று’ என்ற ஒரு சொல்லோடு முடியும் கட்டம் அது. அங்கே வேறெதுவும் எழுதிவிட்டால் அடுத்த பள்ளியின் வாசலில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பின்னர் துறை பேசிய படிநிலைகள் இதைவிட மென்மையானவை: முதலில் ஆலோசனை, மறுபடி தவறினால் திருக்குறளைப் பொருளோடு எழுதுவது போன்ற பணிகள், அதன் பிறகு காவல் நிலையத்துக் குழந்தை நேய அலுவலரின் அறிவுரை, கடைசியாக அருகிலுள்ள வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றம். திருக்குறளைத் தண்டனையாக்கலாமா என்பது தனி விவாதம்.

அதே ஆண்டு ஜூலையில்தான் கள்ளக்குறிச்சியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு தனியார் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி 13ஆம் தேதி இறந்தார். 17ஆம் தேதி போராட்டம் கலவரமாகிப் பேருந்துகளும் வகுப்பறைகளும் எரிந்தன. மாணவர்களின் சான்றிதழ்களும் சாம்பலாயின. மரணம் பற்றிய வழக்கு தனி. ஆனால் ஆசிரியரின் கண்டிப்புக்கு எல்லை எது என்ற கேள்வியும் அதில் எழுந்தது. கைதான பள்ளித் தரப்பினருக்கு ஆகஸ்டில் ஜாமீன் வழங்கிய உயர் நீதிமன்றம், நன்றாகப் படி என்று சொல்வது கற்பித்தலின் பகுதி, அதைத் தற்கொலைத் தூண்டுதலாகக் கொள்ள முடியாது என்றது.

கல்வராயன் மலையில் இந்தச் சட்டங்களெல்லாம் வேறு உருவம் கொள்கின்றன. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தாலுகா இது. மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை, மரவள்ளி விளையும் நிலம் ஆண்டு முழுவதும் வேலை தராததால் குடும்பங்கள் மிளகு பறிக்கக் கேரளத்துக்கும் காப்பித் தோட்டங்களுக்குக் கர்நாடகத்துக்கும் போகின்றன. பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். ஆகவே இங்கே பள்ளி காணும் முதன்மையான ‘குற்றம்’ வராமல் இருப்பது. பதிவேட்டில் நீண்ட நாள் ‘ஆப்சென்ட்’ விழுந்தால் பெயரை எடுத்துவிடுவதுதான் பழைய வழக்கம். கல்வி உரிமைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆறு முதல் பதினான்கு வயதுவரை எப்போது திரும்பி வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், டி.சி. கொண்டுவரத் தாமதமாகிறது என்று திருப்பி அனுப்பக் கூடாது.

பத்தாம் வகுப்புப் பையனுக்கு இந்தக் காப்பு இல்லை. அவனை ‘அருகிலுள்ள வேறு பள்ளிக்கு’ மாற்றலாம் என்பது கள்ளக்குறிச்சியில் ஒரு தெரு தள்ளிப் போவது. மலையில் அடுத்த உயர்நிலைப் பள்ளி பல மைல் ஏற்ற இறக்கத்துக்கு அப்பால் இருக்கும். பேருந்து நேரத்துக்கு வராது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளியில் இருப்பவனென்றால் டி.சி.யோடு தங்குமிடமும் மூன்று வேளைச் சோறும் சேர்ந்தே போகும். விதிப்புத்தகத்தில் நகரத்து மாற்றமும் மலையின் மாற்றமும் ஒரே தண்டனைதான்.

தண்டனை தவறு என்று நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது எழுத்து மூலமான காரணம். அடுத்து, பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம். பிறகு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அடி, துன்புறுத்தல் பற்றிய புகாரை மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்பலாம். பாலியல் தொல்லையென்றால் போக்சோ சட்டப்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். பல கிராமங்களில் இந்த மனுவை எழுதித் தரக்கூடிய ஒரே ஆள், தண்டனை கொடுத்த அதே பள்ளியின் ஆசிரியராக இருப்பதும் உண்டு.